அஞ்சறைப்பெட்டியில் நாலு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. போனில் என்றால் நீ பேசிக்கொண்டே போவாய், நான் "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவேன். நாற்பத்திரண்டு வயதாகியும் அதுதான் நடக்கிறது. கதைக் குறிப்பு போடுகிற நம் அஞ்சறைப்பெட்டியில் எழுதலாம் என்றால் அதிலிருந்து நேற்றே வெளியேறிவிட்டேன். செயலியையே போனிலிருந்து தூக்கிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஒரு பல் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை. உதிரிபாகம் வரும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் ஒரு வார இதழ் கிடந்தது. புரட்டினால் உன் பெயர். உன் பெயர் மட்டும். நம் இருவர் பெயரையும் ஒட்டவைத்து ஆறு வருடமாக எழுதினோமே, அந்தப் புனைபெயர் இல்லை. 'விரைவில் வெளிவரும் நாவலின் முதல் அத்தியாயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

படித்தேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக் மோட்டார் அறைக்கு ஏறிப் பார்க்காமலே சோதனைப் பட்டியலில் டிக் போட்டுவிட்டுப் போகிறான். விபத்து நடக்கிறது. பழி நண்பன் மேல் விழுகிறது. இவன் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் புத்தகம் வரக் கூடாது அக்கா. நிறுத்திவிடு.

இன்னொன்று. அந்த நண்பனை ஏன் குடிகாரனாக எழுதினாய்? நான் போட்ட குறிப்பில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. சட்டைப் பையில் பாட்டில் வைத்திருக்கிறானாம், காலையிலேயே வாடை அடிக்கிறதாம். அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. உதிரிபாகம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

காரணம் கேட்காதே. நிறுத்தினால் போதும்.

தம்பி


மார்ச் 6, வியாழன்

தம்பிக்கு,

உன் கையெழுத்தில் உறையைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று உயிரே போய்விட்டது. பிரித்தால் உள்ளே உத்தரவு. "நிறுத்திவிடு. காரணம் கேட்காதே." நீ யாரடா எனக்கு உத்தரவு போட? லிஃப்டுக்குப் போடுகிற பொத்தானா நான், அழுத்தியதும் நிற்க?

சேர்ந்து எழுத ஆரம்பித்தபோது என்ன பேசிக்கொண்டோம், மறந்துவிட்டதா? வேலைக்கு நடுவே உனக்குத் தோன்றுவதையெல்லாம் போனில் பேசிப் போட்டுவிட வேண்டியது. செயலி அதை எழுத்தாக்கிவிடும். பாடநூல் அலுவலகத்தில் பிழை திருத்திவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது நான் அதைப் பிரித்து ஐந்து அறையில் போடுவேன். ஆள், இடம், பேச்சு, முடிச்சு, மிச்சம். அஞ்சறைப்பெட்டி என்று பெயர் வைத்ததே நீதான். உள்ளே விழுந்தது யார் போட்டதாக இருந்தாலும் இருவருக்கும் பொது. இதுவும் நீ சொன்னதுதான்.

இரண்டாயிரத்து முந்நூறு குறிப்பு, தம்பி. அதில் பாதி உன் இருமல். மீதியில் பாதி "என்ன சொல்ல வந்தேன்?" ஒருமுறை நீ கடையில் சோப்பு பேரம் பேசியதுகூட வந்து விழுந்தது. அதையும் வீணாக்காமல் 'பேச்சு' அறையில் வைத்து நம் மூன்றாவது கதையில் சேர்த்தவள் நான். ஊர், பேர், தேதி, "அக்கா கேளு" எல்லாவற்றையும் பட்டாணித் தோல் மாதிரி உரித்து எறிந்துவிட்டுக் கருவை மட்டும் எடுத்து வைப்பேன். உரித்த கை என்னுடையது. நீ பேசிவிட்டுப் போய்விடுவாய்.

நேராகவே கேட்கிறேன், பொறாமையா? இரண்டு வருடமாக நீ பெட்டியில் போட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "எழுத வரல அக்கா" என்றாய். எத்தனை முறை கூப்பிட்டேன், வா உட்கார்ந்து எழுதலாம் என்று? வரவில்லை. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகத் தனியாக ஒன்று எழுதி முடித்தேன். அதைச் சொல்லி உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் மறைத்து வைத்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையில் உன் பேரும் வரட்டும். பதிப்பாளரிடம் நானே கேட்கிறேன். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்.

குடிகாரன் விஷயம். கதையில் வருகிற ஆளுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்? ஒரு குறையும் இல்லாதவனை நிர்வாகம் அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்பிவிடுமா? வாசகர் நம்ப வேண்டாமா?

அக்கா


மார்ச் 10, திங்கள்

அக்கா,

அனுப்பும். ஒரு குறையும் இல்லாதவனையும் அனுப்பும். அவ்வளவு சுலபமாகத்தான் அனுப்பும்.

அட்டையில் என் பேரா? அதைவிட என்னை நாற்சந்தியில் நிறுத்திவிடலாம். வேண்டவே வேண்டாம்.

பொறாமை என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படி நினைத்துக்கொள்வதே மேல். ஆனால் புத்தகம் வரக் கூடாது. பதிப்பகத்தின் எண் அந்த இதழிலேயே இருக்கிறது. 20ஆம் தேதிக்குள் நீ நிறுத்தவில்லை என்றால் கரு என்னுடையது, என்னைக் கேட்காமல் திருடிவிட்டாள் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன். என் போனில் பேசிய குறிப்பு, என் குரல். ஆதாரம் பெட்டியிலேயே கிடக்கிறது.

இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னைத் திருடி என்று எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான். வீட்டில் அவள், "அக்காவுக்குக் கடிதமா? எதுக்கு?" என்று கேட்டாள். பழைய புத்தகம் ஒன்று கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். இப்போதெல்லாம் பொய் தானாக வந்துவிடுகிறது.

தயவுசெய்து நிறுத்து.

தம்பி


மார்ச் 13, வியாழன்

தம்பிக்கு,

திருடி. சரி. அந்த வார்த்தையை எடுத்து எந்த அறையில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கோபத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் தோற்கடிக்க ஆதாரம் தேடினேன். நீ புகார் கொடுத்தால் நானும் விடக் கூடாது அல்லவா? பெட்டியைத் திறந்து அந்தக் குறிப்பைத் தேடினேன். முடிச்சு அறையில் நூற்றுப் பதினாலாவது. அதன் கீழே நான் போட்ட பதில்: "அருமை. முடிச்சு அறையில் வைத்திருக்கிறேன்." அதற்கு நீ ஒரு கைகூப்பு அனுப்பியிருக்கிறாய். போதுமே, ஒப்புதல் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒன்று உறுத்தியது. அந்தக் குறிப்பை உரித்தபோது நிறையத் தோல் வந்தது. உன் குறிப்பில் வழக்கமாக இருமலும் பெருமூச்சும்தான் இருக்கும். அதில் ஒரு கட்டடத்தின் முகவரி இருந்தது. தேதி இருந்தது. நாலு இலக்க எண் ஒன்று இரண்டு இடத்தில் வந்தது. குப்பை என்று நீக்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதைக்கு எதற்கடா முகவரியும் நாலு இலக்க எண்ணும்?

இன்னொன்றும் யோசித்தேன். முன்பெல்லாம் நீ வாயைத் திறந்தால் உன் வேலைக் கூட்டாளி ஸ்பேனர்தான். ஸ்பேனர் கல்யாண வீட்டுக்கும் சட்டைப் பையில் ஸ்பேனரோடு வந்தான், ஸ்பேனர் பொண்ணுக்குப் பல் முளைத்தது, ஸ்பேனரும் நானும் ஒரே வேன். இரண்டு வருடமாக உன் பேச்சில் அந்தப் பேரே இல்லை. நானும் கேட்கவில்லை. நாவலில் முழுகிக் கிடந்தேன்.

குறிப்பின் அடியில் உன் ஒலிப்பதிவு அப்படியே இருக்கிறது. நாலு நிமிடம் பதினோரு நொடி என்று காட்டுகிறது. ஆறு வருடத்தில் உன் பதிவு ஒன்றையும் நான் அழுத்திக் கேட்டதில்லை. எழுத்து வந்துவிடுகிறது, குரல் எதற்கு என்றிருந்தேன். இப்போதும் அழுத்தவில்லை. பயமாக இருக்கிறது.

தம்பி, அது கதைதானே? "ஆமாம், கதைதான்" என்று ஒரு வரி எழுதிப்போடு. திருடி என்றதைக்கூட மறந்துவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 17, திங்கள்

அக்கா,

அந்த ஒரு வரியை எழுதிவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். முடியவில்லை.

நீ கேட்டிருப்பாயோ, இல்லையோ. கேட்டிருந்தாலும் நானே ஒருமுறை முறையாகச் சொல்கிறேன்.

ஸ்பேனரும் நானும் மாதச் சோதனைக்கு ஒரே வேனில் போவோம். ஆளுக்கொரு டேப்லெட். அதில்தான் சோதனைப் பட்டியல், பதினாலு கட்டம். அவரவர் நாலு இலக்க எண்ணைப் போட்டுத் திறக்க வேண்டும். நண்பர்கள்தானே, அவன் எண் எனக்குத் தெரியும், என்னுடையது அவனுக்குத் தெரியும். அன்று அடுத்தடுத்து இரண்டு கட்டடம். அவன் ஒன்றுக்குப் போனான், நான் மற்றதுக்கு. என் டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. அவனுடையது வேனில் கிடந்தது, அவன் பார்த்து முடித்து வந்த பிறகுதான் டிக் போடுவான். எடுத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதில்லை, அவனும் அப்படித்தான்.

கீழ்த்தளத்தில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. பூட்டைத் திறந்து உள்ளே போய், எதையும் எடுக்காமல், அந்த வீட்டில் எப்போதோ தொலைந்த சாவியை வைத்துவிட்டுப் போகிற திருடன். நினைவிருக்கிறதா? நம் கதைகளிலேயே எல்லோரும் கொண்டாடியது அதுதான். போய்விடுமே என்று உடனே போனை எடுத்துப் பெட்டியில் பேச ஆரம்பித்தேன். வலது கையில் போன். இடது கைக் கட்டைவிரல் டேப்லெட்டில். பேசிக்கொண்டே பதினாலு கட்டத்துக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்பது ஒன்பதாவது கட்டம். அதற்குப் பதினோராம் மாடிக்கு மேலே மோட்டார் அறைக்கு ஏற வேண்டும். நான் ஏறவில்லை. திருடனை முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அக்கா.

நாலு நாள் கழித்து மூன்றாம் மாடியில் கதவு திறந்த பிறகு லிஃப்ட் நிற்காமல் அரை அடி கீழே நழுவியது. வெளியே காலை வைத்த டீச்சர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிரேக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. பட்டியலில் அவன் எண். விசாரணையில், "எனக்கு அந்தக் கட்டடத்துக்குப் போன ஞாபகமே இல்ல சார். ஆனா என் எண்தான், அதனால நான்தான் போட்டிருப்பேன்" என்றான். மாதத்துக்கு நாற்பது லிஃப்ட் பார்க்கிறவனுக்கு எது எங்கே என்று எப்படி நிற்கும்? என்னைக் கூப்பிட்டார்கள். "அவர் டேப்லெட்ட நீங்க தொட்டீங்களா?" என்றார்கள்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

எனக்கு, ஞாபகம் இல்லை! சோப்பு பேரத்தைக்கூடச் சேமித்து வைக்கிறவனுக்கு.

அவனை அனுப்பிவிட்டார்கள். உரிமமும் போயிற்று. அன்று சாயங்காலம் வேனில் உட்கார்ந்து போனை எடுத்தேன். உனக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை. விரல் பழக்கத்தில் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டது. பேசிவிட்டேன். மறுநாள் காலையில் உன் பதில். "அருமை. முடிச்சு அறையில் வைத்திருக்கிறேன்."

அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? என் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நீ முடிவு செய்ததுதானே? இதையும் நீ முடிவு செய்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, இது கதையாகவே பெட்டியில் கிடக்கட்டும் என்கிறாள், சும்மா இருக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதனால்தான் கைகூப்பு அனுப்பினேன்.

பிறகு எழுத வரவே இல்லை. ஒன்று தோன்றினாலே இடது கட்டைவிரல் ஞாபகம் வந்துவிடும்.

இப்போது நீ அதை அச்சில் போட்டுவிட்டாய். போன கடிதத்தைப் படித்த பிறகுதான் உனக்கு அன்றைக்கு ஒன்றுமே தெரியாது என்று எனக்குத் தெரிகிறது. ஸ்பேனர் வீட்டில் அந்த இதழ் வாங்குவார்கள் அக்கா. அவன் மனைவி விடாமல் படிப்பாள்.

தம்பி


மார்ச் 19, புதன்

தம்பிக்கு,

காலையில் உன் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்குத்தான் அழுத்திக் கேட்டேன்.

முதலில் மழை. வேனின் வைப்பர் சத்தம். அப்புறம் "அக்கா கேளு" என்கிறாய். வைப்பர் இரண்டு தடவை ஓடுகிறது. மறுபடி "அக்கா கேளு". மூன்றாவது தடவைதான் உனக்குக் குரல் வருகிறது. இந்த மூன்று "அக்கா கேளு"வையும் நான்தான் என் கையால் நீக்கினேன். செயலியில் பழைய வடிவம் இருக்கிறது, அதையும் எடுத்துப் பார்த்தேன். நீக்கியவை சிவப்பில் தெரிகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து, ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு, எவ்வளவு சுத்தமாக நீக்கியிருக்கிறேன்!

இன்னொன்று உனக்கும் தெரியாது. அந்தச் செயலி மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் எழுத்தாக்குவதில்லை, மீதி குரலாகவே நின்றுவிடும். நீ எப்போதும் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவாய், அதனால் நான் கவனித்ததே இல்லை. கடைசி ஒரு நிமிடம் பதினோரு நொடியில் நீ என்னைக் கேட்டிருக்கிறாய். "நான் என்னக்கா பண்ணணும்? போய்ச் சொல்லட்டுமா? நீ சொன்னா போறேன்."

கேள்வி என் கைக்கு வரவே இல்லை. நீ கேட்ட கேள்விக்கு நான் "அருமை" என்று பதில் போட்டிருக்கிறேன்.

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் என்னைத் தேற்ற வேண்டாம். உன்னையும் தேற்றப்போவதில்லை. அன்று என் பதிலை அப்படிப் புரிந்துகொண்டது உனக்கு வசதியாக இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல முடிச்சு எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறையாவது கேட்டேனா? நல்ல சரக்கு கிடைத்தது, எடுத்துக்கொண்டேன். குடியை வேறு சேர்த்தேன். குடிக்கவே தெரியாத ஒரு மனுஷனின் சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துவிட்டு பாட்டிலை வைத்தேன்.

பதிப்பாளரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் கத்தினார், நான் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அச்சு இல்லை. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்து நிம்மதியாகிவிடாதே. நீ ஒளிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை.

நீ கேட்டதற்கு இரண்டு வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன். போ. போய்ச் சொல். ஸ்பேனரிடம் முதலில், அப்புறம் உன் நிர்வாகத்திடம். வேலை போனால் போகட்டும். வீட்டில் அவளிடமும் சொல், பழைய புத்தகம் என்று கதை விடாதே.

அக்கா


மார்ச் 24, திங்கள்

அக்கா,

போனேன்.

வீட்டில் அவளிடம் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையில் சட்டையை மட்டும் எடுத்து நீட்டினாள்.

ஸ்பேனர் இப்போது கார் கழுவும் இடத்தில் இருக்கிறான். ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் மேலங்கியுமாக நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "என்னடா, லிஃப்டெல்லாம் ஓடுதா?" என்றான். பழைய மாதிரியே கேட்டான்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றுகூட வாயில் வரவில்லை. செயலியை மறுபடி போனில் ஏற்றி, பெட்டிக்குள் சேரக் கேட்டிருந்தேனே, நீ உடனே அனுமதித்திருந்தாய். பதிவை எடுத்து அவன் கையில் கொடுத்து, "இத கேளுடா" என்றேன். தண்ணீர் மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. அவனே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காதோடு வைத்து நாலு நிமிடமும் கேட்டான். பாதி கழுவிய கார் ஒன்று நுரையோடு நின்றுகொண்டிருந்தது. சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டார். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

முடிந்ததும் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தேதியைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம் ஆச்சா இத பேசி?"

"ஆமா."

"யார்கிட்ட பேசின?"

"போன்ல... அக்காவுக்குன்னு."

"போன்கிட்ட சொல்ல முடிஞ்சிருக்கு. பக்கத்து சீட்ல ஏழு வருஷம் உக்காந்திருந்தேன், என்கிட்ட சொல்ல முடியல" என்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "நான்தான் பண்ணேன்னு நெனச்சிட்டிருக்கேன்டா. எனக்கு எப்படி மறந்துச்சுன்னு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். மூளைல ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்ட போய் நின்னேன். அந்த டீச்சர் வீட்டுக்குப் போய் கால்மாட்டுல நின்னு மன்னிப்பு கேட்டேன். அவங்க 'போகட்டும்பா'ன்னாங்க. நான் பண்ணாததுக்கு."

நான் ஏதோ உளறினேன். புத்தகத்தை அக்கா நிறுத்திவிட்டாள், உன்னைக் குடிகாரன் என்று எழுதியது இனி வராது, யாருக்கும் தெரியாது என்றேன். அதற்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது அக்கா. பதிவைக் கேட்டபோது வராத கோபம் இப்போது வந்தது.

"அத எங்க வீட்ல படிச்சாச்சு. டிக் போட்டது வேற ஆளுங்கறத கதைன்னு விட்டுட்டு, குடிய மட்டும் புடிச்சிட்டு என் பொண்டாட்டி வந்து நிக்கறா. 'அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்களா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க'ங்கறா. பதினாறு வருஷம் என்கூட வாழ்ந்தவ. யாரக் கேட்டு எழுதுனீங்க? சரி, எழுதுனீங்க. இப்ப யாரக் கேட்டு நிறுத்துனீங்க? அக்காவும் தம்பியும் உன் கதை என் கதைன்னு இழுத்துக்கறீங்க. அது என் கதைடா. யாராவது ஒருத்தர் வந்து என்னக் கேட்டீங்களா?"

உனக்குப் பதில் தெரிந்தால் சொல்.

போனை நீட்டி, "இது எப்படிப் பேசறது?" என்று கேட்டான். பொத்தானைக் காட்டினேன். என்னைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அந்த நுரைக் காரின் மறுபக்கம் போய் நின்று பேசினான். பத்தொன்பது நிமிடம். பேசி முடித்ததும் பெட்டியில் போடச் சொன்னான், போட்டுவிட்டேன். நான் அதைக் கேட்கவில்லை. "உனக்கில்ல, உங்கக்காவுக்கு" என்றான். தன் முழுப் பேரும் அப்பா பேரும் வேலை பார்த்த இடமும் சொல்லித்தான் ஆரம்பித்தான், அது மட்டும் காதில் விழுந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட நீக்காதே அக்கா. எந்த அறையிலும் வைக்காதே.

போகும்போது, இனிமேல் வரட்டுமா என்று கேட்டேன். "தெரியல" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டான்.

இன்று காலை பத்து மணிக்கு நிர்வாகத்தில் எழுதிக் கொடுத்தேன். சாவித் திருடன் பதிவையும் கொடுத்தேன். அதில் பதினொன்று பத்து என்று மணி இருக்கிறது, பின்னால் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அறிவிப்புக் குரலும் கேட்கிறது. டேப்லெட்டில் ஒன்பதாவது கட்டம் டிக் ஆனது பதினொன்று பன்னிரண்டுக்கு. நமக்குப் புகழ் வாங்கித் தந்த அதே பதிவுதான். அதிகாரி இரண்டு முறை கேட்டுவிட்டு என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அவன் விஷயத்தை மறுபடி எடுக்கிறோம் என்றார். என்னைக் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்.

வீட்டில்தான் இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 26, புதன்

தம்பிக்கு,

எனக்கும் பதில் இல்லை.

ஞாயிறு பிற்பகலே அந்தப் பதிவு பெட்டியில் வந்து விழுந்துவிட்டது. உன் குரல் இல்லை என்றதும் முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டேன். எழுத்தாக வந்த மூன்று நிமிடத்தையும் படிக்கவில்லை. உன் கடிதம் வரட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். இன்று இரண்டு முறை கேட்டேன். இடையில் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த நாளை வரிசையாகச் சொல்கிறார். காலையில் மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டதிலிருந்து ஆரம்பிக்கிறார். நீ சாவித் திருடனைப் பேசிக்கொண்டிருந்த அதே நேரம் அவர் அடுத்த கட்டடத்தின் மோட்டார் அறையில் பிரேக் கட்டையைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே தேய்மானம் எவ்வளவு இருந்தது என்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஞாபக சக்தியில் கோளாறு எதுவும் இல்லை, தம்பி.

நாவலை இருநூற்றுப் பத்து பக்கம் எழுதினேன். இதில் ஒன்றுகூட அதில் இல்லை.

பதிப்பாளருக்கு இன்று காரணத்தையும் சொல்லி எழுதிவிட்டேன். அந்த நாவலை மொத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வார இதழுக்கும் எழுதினேன். அந்தக் குடி என் கற்பனை, யாருடைய வாழ்க்கையிலிருந்து எழுதினேனோ அவர் குடிப்பதே இல்லை என்று என் பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி விடாமல் படிப்பவர் என்றாயே, அவர் கண்ணில் படட்டும். இதை மறுபடி எழுதுவேனா என்பது ஸ்பேனர் சொல்ல வேண்டியது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உனக்காக மட்டுமல்ல. கார் கழுவும் இடத்தின் வழி எழுதி வை, நான் தனியாகப் போகிறேன்.

அவருக்கு இந்த மாதிரிப் பேசிப் பழக்கம் இல்லை போல. பேச்சுக்கு நடுவே மூன்று இடத்தில் நிறுத்தி, "அக்கா, கேக்குதா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது. யாரும் பதில் சொல்லவில்லை என்றதும் தொடர்கிறார்.

கேட்டது என்று நானே நேரில் வந்து சொல்கிறேன்.

அக்கா